18 மாசத்துல பிளாக் பெல்ட்... கேரன்ட்டி!

டேக்வாண்டோ கிளாஸ்ல சேரப் போறீங்களா? தம்பி, தங்கச்சியைச் சேர்த்துவிடப் போறீங்களா? ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பேப்பருக்குள்ளே இருந்து ஒரு மஞ்சள் நோட்டீஸ் நழுவி விழுந்தது. நடுவில் ஒரு பொடியன் அந்தரத்தில் பறந்து உதைக்கிற படம். கீழே கொட்டை எழுத்தில், 'டேக்வாண்டோ! 18 மாதத்தில் பிளாக் பெல்ட் கேரன்ட்டி! மொத்தமாகக் கட்டினால் சிறப்புத் தள்ளுபடி!'

நாலாவது படிக்கிற என் தம்பியை ஏதாவது ஒரு கிளாஸில் தள்ளிவிடணும் என்பது அம்மாவோட ஒரு வருஷத் திட்டம். நோட்டீஸை என்கிட்டே நீட்டினாங்க. "நீதான் பிளாக் பெல்ட் ஆச்சே... நல்ல இடமான்னு பார்த்துச் சொல்லுடி!"

எனக்கு 'சுருக்'குன்னுச்சு!

எங்க வீட்டு ஹாலில், டி.வி-க்கு மேலே, கண்ணாடி ஃப்ரேமுக்குள் என் பிளாக் பெல்ட் சர்ட்டிஃபிகேட் தொங்குது. பத்தாவது படிக்கும்போது வாங்கினது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைக் காட்டாமல் காபி கொடுக்கமாட்டார். நான்தான் ரெண்டரை வருஷமா அந்தப் பக்கம் பார்க்கிறதே இல்லை.

காரணம், காலேஜ் ஃபர்ஸ்ட் இயர். டேக்வாண்டோ டீம் செலக்‌ஷன். ஸ்டைலா பிளாக் பெல்ட் கட்டிக்கிட்டுப் போய் நின்னேன். மாஸ்டர் ரெண்டே விஷயம்தான் கேட்டார். "டேகுக் இல்-ஜாங் பண்ணிக் காட்டும்மா." ஒண்ணாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி, டேக்வாண்டோவில் எல்லாரும் முதல்ல கத்துக்கிற அசைவு வரிசை அது. எனக்கு வேற ஏதோ ஒண்ணு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. பாதியில முழிச்சேன். அடுத்து, சர்ட்டிஃபிகேட் நம்பரைக் கேட்டு, தன் போனில் தட்டிப் பார்த்தார். அப்படி ஒரு நம்பரே இல்லை! 'இன்டர்நேஷனல்' என்று தங்க எழுத்தில் மின்னிய அந்தச் சர்ட்டிஃபிகேட், அந்த கிளாஸ்காரங்களே அச்சடிச்சது.

மாஸ்டர் திட்டலை. "உதை நல்லா வருதும்மா. நாளைக்கு வெள்ளை பெல்ட் கட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் வெள்ளை பெல்ட் வாங்கினேன். வீட்டில் மட்டும் சொல்லலை. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனியா ஃபீஸ் கட்டி, கடைசி டெஸ்ட்டுக்கு மட்டும் எட்டாயிரம் கொடுத்த மனுஷன்கிட்டே எப்படிச் சொல்றது?

இப்போ அதே குழியில் தம்பி விழப் போறான். இனிமேலும் சும்மா இருக்க முடியுமா? மாஸ்டரிடம் கேட்டு, சீனியர்களைக் குடைந்து, படிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுகிட்ட மேட்டர் எல்லாம் இதோ உங்களுக்கும்!

பெல்ட்னா என்னப்பா?

டேக்வாண்டோவில் கலர் பெல்ட் படிகளுக்கு 'கப்' என்று பேர். கவுன்ட்-டவுன் மாதிரி, பெரிய நம்பரில் ஆரம்பித்து ஒண்ணை நோக்கி இறங்கும். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்பதுதான் பொதுவான வரிசை. சில இடங்களில் நடுவில் கோடு போட்ட பெல்ட்டுகளும் உண்டு. சிவப்பு முடிஞ்சா கறுப்பு. அங்கிருந்து 'டான்'. இது 1, 2, 3 என்று மேலே ஏறும். பொதுவா 9-வது டான்தான் உச்சம்.

இந்த டான் கணக்கு கொரியாவில் பிறந்ததில்லை. ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880-களில் தன் மாணவர்களுக்கு வைத்த முறை. கராத்தே வழியாக அது கொரியாவுக்கும் வந்தது. 'டான்' என்றால் படி. முதல் டானை கொரிய மொழியில் 'சோ-டான்' என்பாங்க. ஆரம்பப் படி என்று அர்த்தம். கவனிங்க மக்களே... நாம 'முடிச்சுட்டான்'னு நினைக்கிற பிளாக் பெல்ட்டுக்கு அவங்க வெச்சிருக்கும் பேரு 'ஆரம்பிச்சுட்டான்'!

15 வயசுக்குக் கீழே உள்ள குட்டீஸுக்கு டான் கிடையாது. அதுக்குப் பதிலா 'பூம்'. பெல்ட்டே பாதி சிவப்பு, பாதி கறுப்பாக இருக்கும். வயசு வந்ததும் அதை டானாக மாத்திக்கலாம். ஆக, பத்து வயசுப் பொண்ணு முழுக் கறுப்பு பெல்ட்டோடு "நான் செகண்ட் டான்" என்று சொன்னா, அது குக்கிவோன் முறைப்படி வந்த பெல்ட் இல்லை.

இன்டர்னல் மார்க்... செமஸ்டர் மார்க்!

அது என்ன குக்கிவோன்? தென்கொரியத் தலைநகர் சியோலில், கங்னம் பகுதியில் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கும் டேக்வாண்டோ தலைமையகம். 1972-ல் திறந்தாங்க. முதல் உலக சாம்பியன்ஷிப் 1973-ல் அங்கேதான் நடந்தது. ஒலிம்பிக் வகை டேக்வாண்டோவில் டான் சர்ட்டிஃபிகேட் கொடுப்பது குக்கிவோன். போட்டிகளைக் கவனிப்பது 'வேர்ல்டு டேக்வாண்டோ' என்ற வேற அமைப்பு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

எங்க பாஷையில் சொல்லணும்னா, கலர் பெல்ட் என்பது இன்டர்னல் மார்க். டெஸ்ட் வைப்பது, பாஸ் போடுவது எல்லாமே பொதுவா அந்தந்தப் பள்ளியின் மாஸ்டர்தான். ஒரு இடத்து நீலமும் இன்னொரு இடத்து நீலமும் ஒண்ணா இருக்கணும்னு சட்டம் எதுவும் இல்லை. டான் என்பது செமஸ்டர் மார்க். யுனிவர்சிட்டி மாதிரி குக்கிவோன் பதிவு செய்து, நம்பர் போட்டுச் சர்ட்டிஃபிகேட் தரும். அந்த நம்பரை, பேரு, பிறந்த தேதி மாதிரி விவரங்களோடு அவங்க வெப்சைட்டில் போட்டுப் பார்த்தால், உண்டா இல்லையான்னு தெரிஞ்சுடும். காசு செலவு இல்லாத வேலை. எங்க அப்பா கட்டின எட்டாயிரத்தை அந்த ரெண்டு நிமிஷம் காப்பாத்தியிருக்கும்!

ஆனா ஒரு 'ஆனா' இருக்கு. கொரியாவுக்கு வெளியே, கீழ் டான்களுக்கான டெஸ்ட்டைப் பெரும்பாலும் உள்ளூர் மாஸ்டர்களே நடத்தி, பேரை சியோலுக்கு அனுப்புறாங்க. அதாவது, மாஸ்டர் சொல்வதை நம்பித்தான் சர்ட்டிஃபிகேட் வருது. அதனால நம்பர் நிஜமா இருந்தா, சர்ட்டிஃபிகேட் நிஜம் என்றுதான் அர்த்தம். அதைக் கட்டினவருக்கு உதைக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை. "டிகிரி ஒரிஜினல்... ஆனா புரோகிராம் எழுத வராது" கதை நமக்குத் தெரியாததா என்ன?

38 வருஷக் கணக்கு

சுவரில் ஒட்டியிருக்கும் 'கிராண்ட் மாஸ்டர்' போஸ்டர்களைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்கு சொல்லட்டுமா? குக்கிவோன் விதிப்படி ஒவ்வொரு டானுக்கும் நடுவில் இத்தனை வருஷம் பயிற்சி செய்யணும் என்று இருக்கு. 1-லிருந்து 2-க்கு ஒரு வருஷம். 2-லிருந்து 3-க்கு ரெண்டு. அப்படியே 3, 4, 5, 6 என்று கூடிக்கிட்டே போகும். 7-லிருந்து 8-க்கு எட்டு வருஷம். 8-லிருந்து 9-க்கு ஒன்பது வருஷம்!

கூட்டிப் பாருங்க. 1+2+3+4+5+6+8+9 = 38. பதினைஞ்சு வயசில் முதல் டான் வாங்கி, ஒரு டெஸ்ட்கூட தள்ளிப்போகாமல் ஏறினாலும், 53 வயசில்தான் 9-வது டான். முப்பத்தஞ்சு வயசுக்காரர் '9-வது டான்' என்று பேனர் வைத்தால், அவர் எந்த அமைப்பில் வாங்கினார் என்று மரியாதையா ஒரு கேள்வி கேட்டு வைங்க. 4-வது டான் வாங்கின மாஸ்டர் என்றால், முதல் டானுக்கு அப்புறம் குறைஞ்சது ஆறு வருஷம் உழைச்சிருக்கார். சொல்லிக்கொடுப்பதற்கான குக்கிவோன் மாஸ்டர் பயிற்சியும் அந்த 4-வது டானில் இருந்துதான் ஆரம்பம். பகுதி நேரமா ஏரியாவில் கிளாஸ் நடத்தும் ஒருத்தர் 4-வது டான் என்றால், அது ரொம்ப மரியாதையான விஷயம். 'கிராண்ட்' எல்லாம் தேவையே இல்லை.

சரி, 38 வருஷம் காத்திருக்காமல் 9-வது டான் வாங்க முடியாதா? முடியும்... நீங்க பெரிய தலையா இருந்தா! 2021-ல் டொனால்ட் டிரம்புக்கு குக்கிவோன் கௌரவ 9-வது டான் கொடுத்தது. 2013-ல் ரஷ்ய அதிபர் புதினுக்கு உலக டேக்வாண்டோ அமைப்பு கௌரவ 9-வது டான் கொடுத்தது. 2022-ல் உக்ரைன் போர் ஆரம்பித்ததும் அதைத் திரும்பப் பறிச்சுட்டாங்க. நம்ம ஊர் கௌரவ டாக்டர் பட்டம் மாதிரிதான். அந்த டாக்டர்கிட்டே யாரும் ஊசி போட்டுக்கப் போறதில்லையே! பெரிய அமைப்பு கொடுத்தாலும், பெல்ட்டுக்குள்ளே வியர்வை இருந்தாத்தான் பெல்ட்.

ஒரே பேரு... பல வீடு!

"எங்களது ஐ.டி.எஃப்... அவங்களது டபிள்யூ.டி... நாங்கதான் ஒரிஜினல்!" கிளாஸ் தேடினால் இந்த டயலாக்கை நிச்சயம் கேட்பீங்க. மண்டை காயாமல் இருக்க, ஒரு மினி ஃப்ளாஷ்பேக்.

1910-லிருந்து 1945 வரை கொரியா, ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பானுக்குப் படிக்கப்போன கொரிய இளைஞர்கள் பலர் அங்கே கராத்தே கத்துக்கிட்டு வந்தாங்க. 1940-களின் நடுவில் சியோலிலும் சுத்துப்பட்டிலும் தனித்தனிப் பள்ளிகள் முளைத்தன. 'குவான்' என்று பேரு. ஒவ்வொரு குவானுக்கும் தனிப் பாடம், தனி பெல்ட் கணக்கு. இதையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவர, 1955-ல் ராணுவ ஜெனரல் சோய் ஹாங் ஹி முன்வைத்த பேருதான் 'டேக்வாண்டோ'. 'டே' காலால், 'குவோன்' கையால், 'டோ' வழி.

அதே சோய் 1966-ல் ஐ.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கினார். அப்புறம் தென்கொரிய அரசோடு உரசல். 1972-ல் கனடாவுக்குப் போயிட்டார். அடுத்த வருஷமே தென்கொரியாவில் உலக டேக்வாண்டோ அமைப்பு உருவாகி, ஒலிம்பிக் பாதையில் நடந்தது. 1988 சியோல், 1992 பார்சிலோனாவில் கண்காட்சிப் போட்டி. 2000 சிட்னியில் இருந்து முழு மெடல். சோய் 2002-ல் இறந்தது வடகொரியாவின் பியோங்யாங்கில். இன்னிக்கு 'ஐ.டி.எஃப்.' என்ற பேரையே ஒண்ணுக்கு மேற்பட்ட அமைப்புகள் வெச்சிருக்கு.

ரெண்டுக்கும் வித்தியாசம் பார்த்தாலே தெரியும். குக்கிவோன் வகையில் கலர் பெல்ட்டுக்கு டேகுக் வரிசையில் எட்டு பூம்சே. கொரியக் கொடியின் நடுவில் இருக்கே சிவப்பு-நீல வட்டம், அதுதான் டேகுக். ஐ.டி.எஃப்-பில் ஒரு நாளின் 24 மணி நேரத்துக்கு அடையாளமா 24 வரிசைகள். சண்டையில் அங்கே முகத்துக்குக் கை ஓங்கலாம். இங்கே முகத்தில் குத்தினால் பெனால்டி. எது உசத்தி என்று பட்டிமன்றம் வேணாம். நீங்க எந்த வீட்டுக்குள் நுழையுறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு நுழைஞ்சா போதும். ஒரு வீட்டுச் சர்ட்டிஃபிகேட் இன்னொரு வீட்டில் தானா செல்லாது.

கொரியாவின் மற்ற கலைகளில் கதை இன்னும் சிக்கல். பிடி, மடக்கு, தூக்கி எறிதல் என்று இருக்கும் ஹாப்கிடோவுக்கு குக்கிவோன் மாதிரி எல்லாரும் ஏத்துக்கிட்ட ஒரே தலைமையகம் கிடையாது. பல சங்கங்கள், பல சர்ட்டிஃபிகேட்கள். ஹ்வாங் கீ உருவாக்கிய மூ டுக் குவான் பள்ளியிலோ கறுப்பு பெல்ட்டே இல்லை, அடர் நீலம்! கறுப்பு என்றால் அதுக்கு மேல் எதுவும் சேர்க்க முடியாது, எல்லாம் முடிஞ்சது என்று ஆகிடும் என்பது அவங்க காரணம். செம இல்லை?

ஒரு வருஷத்துல பிளாக் பெல்ட்... தப்பா?

இங்கேதான் எனக்கே ஷாக். '18 மாச கேரன்ட்டி'யைக் கிழிகிழின்னு கிழிக்கலாம்னு உட்கார்ந்தால், கொரியாவில் குட்டீஸ் கிட்டத்தட்ட ஒரு வருஷத்திலேயே முதல் பூம் வாங்கிடுறாங்களாம்!

அங்கே டேக்வாண்டோ பள்ளிக்கு 'டோஜாங்' என்று பேர். ஸ்கூல் விட்டதும் மஞ்சள் வேன் வந்து பசங்களை அள்ளிக்கிட்டுப் போகும். அப்பா, அம்மா ஆபீஸ் முடிஞ்சு வரும் வரைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கிற இடமும் அதுதான். வாரத்துக்கு அஞ்சு நாள், தினம் ஒரு மணி நேரம் என்று வெச்சுக்குங்க. ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 250 மணி நேரம்.

நம்ம ஊர் வீக் எண்ட் கிளாஸ்? சனி, ஞாயிறு. வருஷத்துக்கு 100 கிளாஸ். பரீட்சை, மழை, பொங்கல், தீபாவளி, சித்தப்பா பொண்ணு கல்யாணம் எல்லாம் கழிச்சா 80 தேறும். அந்தக் கொரியப் பையன் ஒரு வருஷத்தில் செய்ததை இங்கே செய்ய மூணு வருஷம் வேணும். இதுக்கு எம்-3 பேப்பர் எல்லாம் க்ளியர் பண்ணியிருக்கணும்னு அவசியமில்லை. கால்குலேட்டர் போதும்!

ஆக, தப்பு '18 மாசம்' என்பதில் இல்லை. 'கேரன்ட்டி' என்ற வார்த்தையில்தான். கத்துக்கிறவன் யாருன்னே பார்க்காமல், அவன் பாஸ் ஆவான்னு முன்னாடியே சொல்ல முடியும்னா, அங்கே நடக்கிறதுக்குப் பேர் டெஸ்ட் இல்லை... பில்!

போய் உட்கார்ந்து பாருங்க!

நம்பர், டான், அமைப்பு எல்லாம் சரிபார்த்தாச்சு. அப்புறம்? காலேஜ் மாஸ்டர் சொன்ன ஒரே வழி, "ஒரு மணி நேரம் சுவர் ஓரமா உட்கார்ந்து பாரும்மா. சர்ட்டிஃபிகேட் சொல்லாததை கிளாஸ் சொல்லிடும்."

அம்மா, தம்பியோடு கிளம்பினேன். முதல் இடம், நோட்டீஸ்காரங்க கிளாஸ். ஒரு ஹாலில் அறுபது பசங்க, ஒரே மாஸ்டர். அவர் காதில் போன். பயிற்சி கொடுத்தது பன்னிரண்டு வயசு 'பிளாக் பெல்ட்' பொடியன்தான். "உட்கார்ந்து பார்க்கலாமா சார்?" என்றேன். "பேரன்ட்ஸுக்கு அனுமதி இல்லை. டிஸ்டர்ப் ஆகும்" என்றார் ரிசப்ஷன் அக்கா. வாசல் வழியா எட்டிப் பார்த்ததில் இன்னொண்ணும் கண்ணில் பட்டது. ஹால் முழுக்க வெள்ளை, மஞ்சள். அப்புறம் நேரா கறுப்பு. நடுவில் நீலம், சிவப்பு என்று பேருக்கு நாலு பேர். பஸ்சில் ஏறுறவங்களும் இறங்குறவங்களும் மட்டும் இருந்து, உள்ளே உட்கார்ந்து வர்றவங்களே இல்லைன்னா சந்தேகம் வருமா, வராதா?

ரெண்டாவது இடம், ஒரு பழைய கட்டடத்தின் மாடி. பதினெட்டு பேர். தரையில் தேய்ஞ்ச மேட். மாஸ்டரின் கறுப்பு பெல்ட், ஓரமெல்லாம் நூல் பிரிந்து வெளுத்துப்போய் இருந்தது. ஒரு பையனைச் சுழற்றி உதைக்கச் சொல்லி, அவன் உதைக்கிற காலைப் பார்க்காமல், ஊன்றி நிற்கிற காலையே பார்த்துக்கிட்டிருந்தார். "குதிகாலைத் திருப்புடா... திருப்பலைன்னா முட்டி போயிடும்." பத்து நிமிஷம் அதே ஒரு விஷயம். பையன் சலிச்சுக்கலை. சண்டைப் பயிற்சி வந்ததும் எல்லாரும் தலைக்கவசம், மார்புக் கவசம், கை, கால் கார்டு மாட்டினாங்க. ஒரு சின்னப் பொண்ணு அழுதப்போ பெரிய பெல்ட் அண்ணன் ஒருத்தன் தண்ணி எடுத்துக்கிட்டு ஓடினான்.

முடிஞ்சதும் கேட்டேன். "சார், உங்ககிட்ட டெஸ்ட்ல யாராவது ஃபெயில் ஆகியிருக்காங்களா?"

அவர் சிரிச்சார். ஓரமா டோபோக் மடிச்சுக்கிட்டிருந்த சிவப்பு பெல்ட்காரனைக் காட்டினார். "போன தடவை இவன்தான். பலகை உடைஞ்சுது, பூம்சே உடைஞ்சு போச்சு. ஃபீஸ் வாங்காம அடுத்த தடவை எழுதச் சொல்லியிருக்கேன்."

அந்த அண்ணனும் வெட்கமே இல்லாமல் சிரிச்சான். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடிச்சது. ஃபெயில் ஆன பிறகும் அதே இடத்துக்கு வர்ற ஒருத்தன் இருக்கான்னா, அங்கே ஏதோ இருக்கு!

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி எட்டு கேள்வி!

1. மாஸ்டர் யாரிடம் கத்துக்கிட்டார்? எந்த அமைப்பில் எத்தனையாவது டான்? சர்ட்டிஃபிகேட் நம்பரைச் சரிபார்க்கலாமா? நல்ல மாஸ்டர் இதுக்குக் கோபப்படமாட்டார்.

2. ஒரு முழு கிளாஸை உட்கார்ந்து பார்க்கலாமா? 'கூடாது' என்றால், அங்கேயே டாட்டா சொல்லிடுங்க. குழந்தைகளையும் பெண்களையும் சேர்க்கும் இடத்தில் இது மாத்த முடியாத விதி. திருத்துறதுக்காகத் தொடுவதுகூட எல்லார் முன்னாடியும், சொல்லிட்டுத்தான் இருக்கணும்.

3. மாசக் கட்டணம் தவிர வேற என்னென்ன? டெஸ்ட் ஃபீஸ், பெல்ட், டிரெஸ், கவசம், மெம்பர்ஷிப் எல்லாத்தையும் முதல் நாளே எழுதி வாங்குங்க. ஒரு வருஷப் பணத்தை மொத்தமா கட்டாதீங்க.

4. கடைசி டெஸ்ட்டில் எத்தனை பேர் பாஸ் ஆகலை? 'எல்லாரும் பாஸ்' என்பது பெருமை இல்லை.

5. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? மாசத்தை எண்ணாதீங்க, மணியை எண்ணுங்க.

6. கவசம் இல்லாமல் சண்டைப் பயிற்சி உண்டா? முதலுதவிப் பெட்டி எங்கே? முதுகில் ஏறி உட்கார்ந்து காலை விரிக்க வைக்கும் மாஸ்டரா? அப்படின்னா வேணாம் சாமி! தசை கிழிஞ்சா பெல்ட் தைக்காது.

7. நீலம், சிவப்பு பெல்ட் மாணவர்கள் எத்தனை பேர்? எத்தனை வருஷமா வர்றாங்க? அவங்ககிட்டேயே தனியா பேசிப் பாருங்க.

8. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காகவா சேர்றீங்க? பெல்ட் சர்ட்டிஃபிகேட் வேற, போட்டிச் சர்ட்டிஃபிகேட் வேற. கோட்டாவில் பேசுவது போட்டியில் என்ன சாதிச்சீங்க என்பதுதான். இந்தியாவில் டேக்வாண்டோ கூட்டமைப்புகளுக்கு நடுவில் 'நாங்கதான் அசல்' சண்டை கோர்ட் வரைக்கும் போயிருக்கு. அதனால எந்தப் போட்டிக்கு அங்கீகாரம் உண்டு என்பதைக் கலந்துக்கிறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்குங்க.

அப்பாவிடம்...

ரெண்டாவது இடத்தில் இருந்து திரும்பி வரும்போதே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிட்டேன். "அப்பாகிட்ட நீயே சொல்லு" என்று ஒதுங்கிட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி, சர்ட்டிஃபிகேட் நம்பர் இல்லாதது, வெள்ளை பெல்ட் வாங்கினது, ரெண்டரை வருஷம் மறைச்சது எல்லாத்தையும் கொட்டினேன்.

அப்பா ரொம்ப நேரம் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார்.

"இப்ப என்ன பெல்ட்?"

"ரெட்ப்பா. அடுத்தது பிளாக் பெல்ட் டெஸ்ட். ஆனா மாஸ்டர் இன்னும் தேதி சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"இடது கால் உதை இன்னும் சரியா வரலைன்னு சொல்றார்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவரு சரியான வாத்தியார்தான்" என்று சொல்லிட்டு, ரசம் ஊத்தச் சொன்னார்.

தம்பி இப்போ அந்தப் பழைய மாடிக்கு வாரம் நாலு நாள் போறான். புது வெள்ளை பெல்ட்டை அவனுக்கு நானே கட்டிவிட்டேன். "எனக்கு எப்போக்கா பிளாக் பெல்ட்?" என்றான். "தெரியாதுடா" என்றேன். அதுதானே நிஜம்!

ஃப்ரேம் இன்னும் ஹாலில்தான் தொங்குது. அதை யார் கழற்றுவது என்று யாரும் பேசலை. போன வாரம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல அப்பா சுவரைக் காட்டி ஆரம்பிக்கப் போறார்னு நினைச்சு நான் அடுப்படிக்குள் நழுவினேன். காட்டலை.

"பொண்ணு என்ன பண்றா?" என்று பெரியப்பா கேட்டார்.

அப்பா குரல் எனக்குத் தெளிவா கேட்டுச்சு. "இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். அப்புறம்... டேக்வாண்டோ கத்துக்கிட்டு இருக்கா!"